பன்னிரண்டு தளபதிகளும் ஒன்பதாம் நம்பரும்

அக். 27, திங்கள்

மழை. ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் மூன்று சமுத்திரம் நீந்தினேன். குடை வீரமரணம்.

ஹெட் ஆபீஸ் கடிதம். வெள்ளிக்கிழமை என் சாம்ராஜ்ஜியத்துக்குச் சோதனை. சாம்ராஜ்ஜியம் என்பது: ஆபீஸில் கழித்துக்கட்டிய பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு ராக், நான் கோர்த்த வயர். ஒரே கணக்கைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துப் போடும். உருகிய இரும்பு அச்சுக்குள் எப்படி ஆறும், எங்கே ஓட்டை விழும் என்கிற கணக்கு.

காலை எட்டுக்குத் தொடங்கி, பன்னிரண்டு மணி சாப்பாட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை பழைய இரும்பு லாரி வரும். என்னை ஸ்டோருக்கு மாற்றுவார்களாம், போல்ட் எண்ண.

எண்ண மாட்டேன். இதை எழுதி வைக்கிறேன்.

வாங்க: குடை. கொசுவத்தி.

அக். 28, செவ்வாய்

சாரல். நாஷ்டா பொங்கல், கல் ஒன்று.

ஹெட் ஆபீஸிலிருந்து ரேகா வந்தாள். இன்ஜினியர். வேப்பம்பட்டில் வீடு, நோட்டும் கையுமாக வந்தாள். காலையில் சார் என்றாள், டீ நேரத்துக்குள் ஊரே கூப்பிடுகிற மாதிரி மாமா. என் படை இமயமலையையே இரண்டு நாளில் உருக்கிவிடும் என்றேன். அளந்தீங்களா என்று கேட்டாள். அளந்ததில்லை. பெருமை மட்டும் பேசியிருக்கிறேன்.

சின்னக் கணக்கு ஒன்றை வைத்து அளந்தோம்.

1 மிஷின் – 48 நிமிஷம்
2 – 25
4 – 13
8 – 7
12 – 11

ஆள் கூடக் கூட வேகம் கூட வேண்டும். பன்னிரண்டில் குறைந்துவிட்டது. மறுபடி போட்டோம். அதே பதினொன்று.

உலை பிட்டர் அந்தோணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா மாமா, பன்னெண்டு பேரு சேந்துகினு எட்டு பேரு வேலைய கூட செய்ய மாட்றானுங்க. யூனியன் வெச்சிக்கினானுங்களா?"

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லவர், ஆனால் ஹெட் ஆபீஸ் என்றாலே வியர்த்துவிடும். எட்டு வரைக்கும் எழுதிவிட்டு, பன்னிரண்டை விட்டுவிடச் சொன்னார். ரேகா காதில் விழுந்துவிட்டது.

"நல்லா வந்தத மட்டும் எழுதக்கூடாது மாமா. வந்தத எல்லாம் எழுதணும்."

எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது. சரிதான் அவள்.

அக். 29, புதன்

வெயில் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

கம்பெனி பஸ் வழியில் ஒரு டீக்கடையில் கால் மணி நின்றது. ஒருத்தன் வடையை முடித்துவிட்டு வர வேண்டும். அவனுக்காக நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருந்தோம். திட்டிக்கொண்டே இருந்தவன் சட்டென்று வாயை மூடினேன். என் மிஷின்களும் இப்படித்தான். கடைசி ஆள் தன் பங்கைக் கொடுக்கும்வரை மற்ற பதினொன்றும் சும்மா நிற்கும்.

போனவுடன் ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஓட்டினோம். ஒன்பதாம் நம்பர்தான் அந்த வடைக்காரன். தொட்டால் தோசைக்கல். சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்.

அதைக் கழற்றிவிடலாம் என்று மேனேஜர். பதினொன்றை வைத்துக் கணக்குப் பார்த்தாள் ரேகா. வெள்ளிக்கிழமைக் கணக்கு சாப்பாட்டு மணி அடித்து ஐந்தாறு நிமிஷம் கழித்துத்தான் முடியும். ஒன்பது இல்லாமல் ஆகாது.

முன்மூடியைக் கழற்றினேன்.

காற்று போகிற சல்லடை முழுக்க சந்தனம். காய்ந்து சிமெண்ட். நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

ஆயுத பூஜை அன்று எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். ஒன்பது மட்டும் அடிக்கடி முரண்டு பிடிக்குமே என்று, மாப்பிள்ளைக்குப் பூசுகிற மாதிரி இரண்டு கையாலும் அப்பினது நான்தான். கும்பிட்டே மூச்சை அடைத்திருக்கிறேன்.

பழைய பல் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். மறுபடி பன்னிரண்டும் ஓடின: 5 நிமிஷம். நாலு வர வேண்டாமா என்றேன். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிற நேரம் அந்த ஒரு நிமிஷம் என்றாள். பேசாமல் எந்தக் குடும்பம் நடந்தது.

வீட்டில் மனைவி செல்வியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் நான் கொடுக்க வேண்டியதாயிற்று.

அக். 30, வியாழன்

மழை. குடை வாங்கவில்லை. சல்லடை பன்னிரண்டும் கழுவியாயிற்று.

அக். 31, வெள்ளி

8.00 – தொடங்கியது.
9.30 – கரண்ட் உலையைப் போட்டார்கள். லைட் மங்கியது. என் உயிர் பாதி போனது. படை அசையவில்லை.
10.15 – அந்தோணி வந்தான். ஒன்பதுக்கு முன்னால் அட்டையால் விசிறினான். தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை.
11.43 – முடிந்தது.

பதினேழு நிமிஷம் மிச்சம். உலகத்தில் வேறு யாருக்கும் இவ்வளவு பெரிய பதினேழு நிமிஷம் கிடைத்ததில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு கட்டம்: கோளாறு, காரணம். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, தூசி என்று போடச் சொன்னார். சந்தனம் என்று தெரிந்தால் ஹெட் ஆபீஸில் நம்மைப் பட்டிக்காடு என்று சிரிப்பார்கள், ஜெயித்த பிறகும் லாரியை அனுப்பிவிடுவார்கள் என்றார்.

பயந்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்தேன். ரேகா பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

தூசி என்ன பாவம் செய்தது. எழுதினேன்:

காரணம்: சந்தனம். பூசியவர்: நான். அடுத்த வருஷமும் பூசுவேன், ராக்கின் காலில்.

கையெழுத்து. தேதி.

நவ. 1, சனி

மழை இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் லாரி வந்தது. அதற்கப்புறம்தான் ஹெட் ஆபீஸிலிருந்து போன்: மிஷின் இருக்கட்டும், நீங்களும் இருங்கள்.

திருவள்ளூரிலிருந்து வந்த டிரைவர், வெறும் வண்டியோடு திரும்பினால் முதலாளி பேஜாரு பண்ணுவார் என்றார். பாவம். என் நாற்காலியை ஏற்றிவிட்டேன்.

நின்றுகொண்டு எழுதுகிறேன்.