பால்பவுடர் டப்பாவுக்குள் உன் குரல்

மேஜையில் விரித்த செய்தித்தாள் முழுக்க எண்ணெய் ஊறிவிட்டது. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் வாடை எனக்குப் புதிதல்ல. பம்புசெட் மோட்டார் கட்டும் என் கடையில் வருடம் முழுக்க அந்த வாடைதான். ஆனால் இதன் அடியில் கருகிய தேங்காய் எண்ணெய் வாசமும் கொஞ்சம் கலந்து வருகிறது. அது உன் டப்பாவுக்கு மட்டுமே உள்ள வாசம். நீ போனபின் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து முதல் முறையாக வெளியே வந்த உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், காலையில் ஆட்டோவில் வந்து நெல்சாக்கில் சுற்றி இதைக் கொடுத்துவிட்டுப் போனாள். கடையைத் திறக்கவில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள். திட்டட்டும்.

வலங்கைமான் பக்கத்தில் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் நாம் இருவர்தான். வளைகுடாவிலிருந்து திரும்பிப் பாத்திரக்கடை போட்ட நீ, மோட்டார் கட்டும் நான். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்காலும் கொஞ்சம் வயலும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு ரேடியோவில் பேசுகிறார்களே என்று ஊரே நம்மைக் கேலி செய்தது. டம்மி லோடு என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு நீ சொல்லும் விளக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். "கத்தணும்போல இருந்தா தலையணையில வாயை வச்சுக் கத்துறோம்ல, அந்தத் தலையணைதான் இது." செட்டைச் சோதிக்கும்போது ஏரியலுக்குப் பதிலாக அதை மாட்டினால் செட் அனுப்பும் சக்தி எல்லாம் சூடாகி அதற்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே யாருக்கும் கேட்காது.

நீ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பால்பவுடர் டப்பாவில்தான் அதைச் செய்தோம். கடையில் கிடந்த கம்பி சுற்றிய ரெசிஸ்டர்களை நான் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "சுத்துனதெல்லாம் காயில்டா, ரேடியோவுக்கு ஆகாது. மோட்டார் கட்டுற புத்தியை இங்க கொண்டாராத" என்றாய். பிறகு கார்பன் ரெசிஸ்டர்களை வாங்கி வந்து, இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே வரிசையாக நிறுத்தி ஈயத்தால் பற்றவைத்தாய். உன் பற்றவைப்பு ஒவ்வொன்றும் பளபளவென்று, வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். அந்த விஷயத்தில் மட்டும் உன் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

சூட்டைத் தணிக்க நீ ஊற்றியது அடுப்படியிலிருந்து எடுத்த தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் பார்த்தால் அது உறைந்து வெள்ளையாக நின்றது. அப்படியே செட்டைப் போட்டுவிட்டாய். நடுவில் மட்டும் உருகிப் புகைந்து, வீடெல்லாம் தாளிப்பு கருகிய நாற்றம். அதன் பிறகுதான் என் கடை எண்ணெய்க்கு மாறினோம். அதுவும் சூடேறி உப்பியதில் மூடி எகிறி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பி நின்ற உன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை போட்டோம். கடையில் விற்காமல் நெளிந்து கிடந்த அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றி, டப்பாவைக் கழுத்தளவு நிறுத்தினாய். வெளிச்சூட்டைக் குண்டான் பார்த்துக்கொண்டது.

ஒருநாள் மூடி சரியாகப் பொருந்தாமல், நீ சோதித்துப் பார்த்த ஒன்று, இரண்டு, மூன்று என் செட்டில் மெலிதாகக் கேட்டது. சும்மா இருக்க முடியாமல், "நல்லா கேக்குது" என்று பதில் கொடுத்தேன். உனக்கு வந்ததே கோபம். "டப்பாவுல பேசுறது எனக்கும் டப்பாவுக்கும். அதுக்குப் பதில் சொல்லாத" என்றாய். மூடியை அழுத்திச் சரிசெய்தாய். அதோடு எனக்குக் கேட்பது நின்றது. நீ சொன்னது நமக்குள் ஒரு சட்டமாகவும் ஆகிவிட்டது.

போன கோடையில் பக்கவாதம் உன் வலது கையையும் நாக்கையும் பிடித்தது. காலையில் வெளியூர் ரேடியோக்காரர்கள் எல்லோரும் கூடும் அலைவரிசையில் உன் கணீரென்ற குரலுக்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. அந்தக் குரல் குழறிப்போனதை நீ யாருக்கும் காட்டத் தயாராக இல்லை. நான் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டேன். நீ மறுபடி பேசுவாயா என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒரு மாலை. ரேடியோவின் இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுவதுபோல இருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். ரேடியோவில் என் பெயராக இருக்கும் என் அழைப்புக்குறி உடைந்து உடைந்து வந்தது. நீதான். இவ்வளவு மெலிதாகக் கேட்கிறதென்றால் டப்பாவில்தான் பேசுகிறாய், மூடி மறுபடி தளர்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல் பேசிப் பழகுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். செட்டின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

அன்றிலிருந்து பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் வந்தாய். வாய்க்காலில் தண்ணீர் வந்ததைச் சொல்வாய். கஞ்சியில் உப்பில்லை என்பாய். என் கடைப் பையன் சைக்கிளில் போனதைப் பார்த்தேன் என்பாய். கடைசியில், பேச்சை எதிராளியிடம் விடும் "ஓவர்." பிறகு வெறும் இரைச்சல். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு தொடங்கியதும் மறுபடி மைக்கை அழுத்துவாய். வயலைத் தாண்டி ஜன்னலில் வரும் பாங்கோசை ரேடியோவுக்குள்ளும் மெலிதாக ஒலிக்கும். "சரி. நாளைக்கு" என்று சொல்லி முடித்துக்கொள்வாய்.

எத்தனையோ முறை மைக்கைக் கையில் எடுத்தேன். உன் சட்டம் ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். நான் கேட்பது தெரிந்தால் கூசிப்போய் நிறுத்திவிடுவாய் என்று பயம். நாக்கு தேறியதும் நீயே ஏரியலுக்கு வருவாய், அன்றைக்கு முதல் ஆளாகப் பதில் சொல்வேன் என்று இருந்தேன். என் நாகரிகத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். சம்பா நடவு முடிவதற்குள் என் அழைப்புக்குறி ஓர் எழுத்தும் சிதறாமல் உன் வாயிலிருந்து முழுதாக வந்தது.

ஒரு மாலை நீ வரவில்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். மையவாடி வரை வந்து மூன்று பிடி மண் போட்டேன். அப்போதும் உனக்கும் எனக்கும் நடுவில் எதுவும் பாக்கி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

காலையில் தங்கச்சி கிளம்பும்போது ஒன்று சொன்னாள். "பேசி முடிச்சாலும் காதுல மாட்டுனதை எடுக்க மாட்டாருண்ணே. பாங்கு சொல்றவரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, 'அவன் அங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்'னு சொல்லுவாரு." நோயில் ஏதோ உளறியிருப்பாய் என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

எண்ணெய் கசிகிறதே, மாற்றிவிடலாம் என்று பிறகு டப்பாவைத் திறந்தேன். மூடி தளரவே இல்லை. நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாம் போட்ட அந்தத் துளை வழியாக ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை உள்ளே மேல்தகட்டில் பற்றவைக்கப்பட்டிருந்தது. குட்டி ஏரியல். வாய்க்காலைத் தாண்டி என் வீடுவரை வரும், அதற்கு மேல் யாருக்கும் எட்டாது. அந்தப் பற்றவைப்பு பளபளப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக, பக்கத்துத் தகடெல்லாம் ஒழுகிக் கிடந்தது. முடங்கிய வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் வைத்த ஈயம். எத்தனை நாள் முயன்றாயோ, விரலை எத்தனை முறை சுட்டுக்கொண்டாயோ.

நீ பழகிக்கொண்டிருக்கவில்லை. என்னிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் கேட்டால் போதும் என்றா அந்தக் கம்பியை வைத்தாய், பதில் சொல்லுவேன் என்றா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய்விட்டாய். "சரி. நாளைக்கு" என்று நீ சொன்ன தொனியைப் பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒருமுறை சமாதானமாகத் தெரிகிறது, மறுமுறை ஏமாற்றமாகத் தெரிகிறது.

சற்று முன் எண்ணெய் ஊற்றி, மூடியைப் பொருத்தி, அந்தக் கம்பியைத் தொடாமல் உன் டப்பாவை என் செட்டில் மாட்டினேன். மின்விசிறியை நிறுத்தினேன். உன் அழைப்புக்குறியைச் சொல்லி, "நல்லா கேக்குதுடா. எல்லாமே கேட்டுச்சு" என்றேன். உன் குண்டானும் தண்ணீரும் இல்லாததால் டப்பா கைபொறுக்காத சூடாகிவிட்டது. தங்கச்சி, கடைப்பையன், சம்பா நெல் என்று என்னென்னவோ சொன்னேன். பாங்கும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஓவர் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உன் முறை ஆகிவிடும். ஒவ்வொரு மாலையும் நீ எனக்கு விட்டுக்கொடுத்த என் முறை, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.