கித்தான் கால்சட்டையில் ஒரு மணல் மூட்டை

பாப்பாவின் அப்பாவுக்கு அன்பு வணக்கம். இருமல் நின்றதா? அத்தைக்குச் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே நான் வேலைபார்க்கும் அருங்காட்சியகத்தில் பழைய மீட்புக் கருவி ஒன்று இருக்கிறது. மிதவை வளையத்தில் கித்தான் கால்சட்டை தைத்திருக்கும். உடைந்த கப்பலில் தவிப்பவர்களை அதில் உட்காரவைத்துக் கயிற்றால் கரைக்கு இழுப்பார்களாம். நேற்று ஒத்திகையில் குழந்தைக்குப் பதிலாக மணல் மூட்டை கட்டினோம்.

"உன் பொண்ணுக்கும் ரெண்டு வயசுதானேம்மா, எத்தனை கிலோ?" என்றார் மேலாளர்.

"ஒன்பது."

அந்த எடைக்கு மணல் நிரப்பிய மூட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது கைக்குழந்தை எடைம்மா! சோறே போடறதில்லையா?"

நானும் சிரித்து வைத்தேன். போன வருஷம் நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று இருந்த எடையைச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து கை ஓடவில்லை.

உடனே எடை பார்த்து எழுதுங்கள். தனியாக நிற்கமாட்டாள், தூக்கிக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். சனிக்கிழமை பார்வையாளர்களுக்குச் செய்துகாட்டும்போது மூட்டையை நான்தான் நிரப்பவேண்டும். கட்டுவதற்கு முன் ஒருதடவை இடுப்பில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
அவசரமாக, நான்