கை நீட்டிய கிருஷ்ணப்பன்

28 செப்டம்பர் 2003

முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்று வருகிறேன். இன்று கல்மண்டபத்தில் பஸ்ஸின் பலகையை நான் முழுவதும் படித்து முடித்தபோது பஸ் கிளம்பிவிட்டது. ஆனாலும் படித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வழியில் கிருஷ்ணப்பன் வந்தான். வெகு காலம் என்னோடு ஒரே கட்டுமரத்தில் கடலுக்கு வந்தவன். என் கையில் நோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, இந்த வயசுல கலெக்டராவப் போறியா?" என்றான். "ஆயிட்டா மொத ஃபைன் உனக்குத்தான்" என்றேன்.

போன மாதம் அவன் மகள் கல்யாணத்துக்கு என் மகன் விமல்தான் வீடியோ எடுத்தான். "கேசட்டு எப்போ தருவான்? சம்பந்தி வூட்ல பேஜார் பண்றாங்கோ" என்றான் கிருஷ்ணப்பன்.

4 அக்டோபர்

ஆயுத பூஜை. விமல் வீடியோ மிக்சிங் செய்யும் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, மருமகள் நர்மதா உள்ளே தூசி துடைத்தாள். சந்தனமும் குங்குமமும் வைத்தாள். போட் எஞ்சினுக்கு நாங்களும் வைப்போம். இதற்கு நெற்றி எது என்று தெரியாமல் கண்ட இடத்திலெல்லாம் வைத்தாள் பாவம். எனக்குச் சிரிப்பு.

9 அக்டோபர்

விமல் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒரு ராம் வாங்கி வந்தான். சீப்பு மாதிரி நீளமாக இருக்கிறது. வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் அதில்தான் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாம். பழையதற்குப் பக்கத்தில் காலியாக இருந்த பள்ளத்தில் அழுத்திச் செருகினான்.

பிறகு ஒரு நீலத் திரையைத் திறந்தான். அதற்குப் பெயர் பயாஸ். அதில் 133 என்று இருந்ததை 166 ஆக்கினான். அது வேகம். எண் எனக்கு முன்பே படிக்கத் தெரியும். "கம்பெனிக்காரன் பயந்து கம்மியா வெப்பான் நைனா. நம்மதான் ஏத்திக்கணும்" என்றான். மீன் ஏலத்துக்கு முதலில் வந்து சேர நாங்களும் எஞ்சினை முறுக்கியவர்கள்தானே.

கிருஷ்ணப்பன் வீட்டுக் கல்யாண டேப்புகளை இன்று கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டான்.

10 அக்டோபர்

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கறுப்புத் திரை. உள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம், விட்டு விட்டு. விமல் காசு போன்ற பேட்டரி ஒன்றைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினான். உயிர் வந்தது. ஆனால் வைத்த வேகம், தேதி எல்லாம் அதற்கு மறந்துவிட்டது.

"நைனா, இன்னிக்கி இன்னா தேதி?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு எந்திரத்துக்கு நான் தேதி சொன்னேன்!

அவன் மறுபடி 166 வைத்தான்.

13 அக்டோபர்

நேற்று விடியலில் தனியாகக் கட்டுமரத்தில் போன கிருஷ்ணப்பன் இன்னும் வரவில்லை. காற்று சரியில்லை.

14 அக்டோபர்

தேடப் போன போட்டுகள் திரும்பிவிட்டன. அவன் கிடைக்கவில்லை.

16 அக்டோபர்

மரம் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. மரம் மட்டும்.

எழுதக் கற்காமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

19 அக்டோபர்

கிருஷ்ணப்பன் மனைவி கன்னியம்மா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உடம்புதான் கெடைக்கல. மாலை போட ஒரு படமாச்சும் வோணும்ணே. போட்டோவுக்கு நிக்கவே மாட்டாரு. ஓட்டுக் கார்டுல இருக்கறது அவர்தானான்னு எனக்கே தெரியல. கல்யாண கேசட்டுல இருப்பாரில்ல?"

"இருப்பாரு சித்தி" என்றான் விமல். அவன் முகம் சரியில்லை.

அவள் போன பிறகு நர்மதா கேட்டாள். அவன் சொன்னான். அந்த டேப்புகளின் மேலேயே பன்னிரண்டாம் தேதி பக்கத்துத் தெரு ரோசி வீட்டு மாதா கோவில் கல்யாணத்தைப் பிடித்துவிட்டான். உள்ளே ஏற்றியதும் டேப்பை அழித்து மறுபடி பிடிப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கிருஷ்ணப்பன் இப்போது இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறான். அதுவோ அந்தக் கல்யாணத்தைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

20 அக்டோபர்

விமல் நாள் முழுவதும் நீலத் திரையில். வேகத்தைக் குறைத்தான், ஏற்றினான். ராமுக்குப் போகும் கரண்ட்டை ஒரு படி கூட்டினான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் தேதியை மறந்தது, நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். இன்று அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"போதும்யா. வால்டர கூப்புடு" என்றாள் நர்மதா.

"எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியும்?"

"அந்தப் பொம்பள வாசல்ல வந்து நிக்கறா. உன் ரோஷத்துக்கா மாலை போடப் போறா?"

22 அக்டோபர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் வால்டர் ஒரு பிளாப்பி போட்டு நினைவைச் சோதித்தான். திரையில் சிவப்பு வரிகள் ஏறிக்கொண்டே போயின. ஒரு ராமைக் கழற்றி மற்றதை வைத்தான். இடம் மாற்றி வைத்தான். முதல் பள்ளத்தில் எதைச் செருகினாலும் ஒழுங்கு. இரண்டாவதில் எதைச் செருகினாலும் சிவப்பு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

"இன்னாம்மா இது, ஸ்லாட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிகிற?"

குங்குமம்! பூஜையன்று உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. நர்மதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான்" என்று அழ ஆரம்பித்தாள்.

"அட, நீ வேற. புருசனும் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிகீறான். ரெண்டும் சேந்துகிச்சி. நெதானமா ஓடியிருந்தா தப்பிச்சிருக்குமோ இன்னாவோ" என்றான் வால்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நாள்ல உள்ள ஏத்தினதெல்லாம் முழுசா இருக்கும்னு சொல்ல முடியாது மாமு" என்றான் விமலிடம்.

விமலே 133 வைத்தான். யாரும் சொல்லவில்லை.

24 அக்டோபர்

தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் வெடி வைக்கவில்லை.

25 அக்டோபர்

கல்யாணம் திறந்தது. மெதுவாக. தாலி கட்டுவது இருக்கிறது. பந்தி பாதி இருக்கிறது. கிருஷ்ணப்பன் வரும் இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் மட்டும் கேட்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

விமல் கூப்பிட்டான். ஒரே ஒரு இடத்தில் உடையவில்லை. கிருஷ்ணப்பன் சாம்பார் வாளியோடு திரும்புகிறான். கேமராவைப் பார்த்ததும் கையை நீட்டி, "டேய், என்னை இன்னாத்துக்குடா புடிக்கிற? பொண்ணப் புடி!" என்கிறான். அவ்வளவுதான். முகத்தில் பாதியைக் கை மறைக்கிறது.

கன்னியம்மாவை அழைத்து வந்தோம். விமல் தலையைக் குனிந்துகொண்டு, "இதான் சித்தி இருக்குது. டேப்ப நான்தான் அழிச்சிட்டேன்" என்றான்.

அவள் திரையின் கிட்டே போய்ப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"போய்ட்டு வரேன்னு கை காட்றாப்புல கீது. இதயே போடுப்பா" என்றாள்.

28 அக்டோபர்

படத்தை பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டாயிற்று. அதற்கு முன், கீழே பெயரை டைப் அடித்துவிட்டு, "மறைவுன்னு என்னிக்கி தேதி போடட்டும் சித்தி?" என்று நர்மதா கேட்டாள்.

"தேதி இன்னாத்துக்கு? கடலு எங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

நர்மதா என்னைப் பார்த்தாள். தேதி நான் சொல்லவில்லை.

பெயர் மட்டும் இருக்கிறது. கன்னியம்மா படத்தை என்னிடம் நீட்டி, "எழுதிகிறது இன்னான்னு படிண்ணே" என்றாள். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கி, ரு, ஷ், ண, ப், ப, ன்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

படித்தேன்.