மேளக்காரன் இல்லாத இடம்

வெராக்ரூஸ்,
ஆகஸ்ட் 1961

பெருமதிப்பிற்குரிய இசைமேதை எலாடியோ அவர்கள் சமூகத்துக்கு,

இருபது வருடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மேளம் அடித்த பெனிக்னோ வணக்கத்துடன் எழுதுவது. நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. இந்த 'நீங்கள்' எல்லாம் எனக்கு வாயில் ஒட்டவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

சனிக்கிழமை அபுந்தியோவின் சலூனில் முகமெல்லாம் சோப்போடு சாய்ந்திருந்தேன். தலைநகர் வானொலியில் வயலின்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஏதோ பெரிய கச்சேரி வாசிக்கப் போவதாகச் சொன்னார்கள். "அதை அணைச்சுத் தொலைடா, சவரம் பண்ற நேரத்துல சாவு வீட்டுச் சத்தம் எதுக்கு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, இயற்றியவர் என்று உன் பெயர் வந்தது. அபுந்தியோ கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, "நம்ம எலாடியோவா? ஜோடி ஆட்டத்துக்கு டான்சோன் மெட்டு போடுவானே, அவனா?" என்றான். "வேற எவனாவது இருப்பான்" என்றேன். அப்புறம் நீ வெராக்ரூஸ்காரன் என்றார்கள், எழுதிய வருடத்தையும் சொன்னார்கள்.

"எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு பெனிக்னோ, ஒரு வரிகூட வரல" என்று என் தோளில் சாய்ந்து நீ அழுத வருடம் அது. முட்டாள்கள், நம்பினோம். என் மனைவி தொமாசா வாரம் தவறாமல் உனக்கு மீன் சூப் கொடுத்தனுப்பினாள். புது டான்சோன் கிடைக்காமல் பழசையே அரைத்தோம். ஆடுகிறவர்கள் முகம் சுளித்தார்கள், சதுக்கத்தில் நாம் வாசித்துவந்த மேடை வேறு குழுவுக்குப் போனது. நீ ஓய்வு வேண்டுமென்று தலைநகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் இப்போது எவனோ நேற்று முளைத்தவனின் குழுவில் கல்யாணங்களுக்கு அடிக்கிறேன். "மெதுவா அடிங்க பெரியவரே, பொண்ணு வீட்டுக்காரங்க பேசிக்கிட்டிருக்காங்க" என்கிறான். அந்த வருடமெல்லாம் நீ கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். துரோகி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

வானொலியில் கேட்டது கேவலமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நன்றாக இருந்தது, பாவி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் பகுதி எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது பகுதியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டான்சோனுக்குக் கோட்டு மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறாய்! ஆட்டத்தின் நடுவே முதல் மெட்டு திரும்பி வரும்போது ஜோடிகள் ஆடாமல் நின்று விசிறிக்கொள்வார்களே, அதற்கு முன்னால் மேளக்காரன் நாலு அடி அடித்துத்தானே அவர்களை நிறுத்துவான். அந்த இடம் வந்தது. நாலு வாத்தியமும் கப்பென்று நின்றுவிட்டன. சத்தமே இல்லை. அப்புறம் முதல் மெட்டு வந்தது.

அடுத்த தடவை அந்த இடம் வந்தபோது என் கை என்னைக் கேட்காமல் நாற்காலிப் பிடியில் அடித்துவிட்டது. கொஞ்சமும் முன்பின் இல்லாமல் பொருந்தியது. "அசையாதய்யா, காது போயிடும்" என்று அபுந்தியோ கத்தினான். கன்னத்தில் வெட்டு விழுந்தது. காயம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து தொமாசாவிடம் சொன்னேன். "உங்களை நினைச்சுத்தான் இடம் விட்டு வச்சிருக்காரு" என்கிறாள். அவளுக்கு எப்போதும் உன் மேல் ஒரு இளகின மனசு. அபுந்தியோவோ, "மேளச் சத்தம் வேணாம்னு உன்னைச் சுத்தமா வெட்டி எறிஞ்சிருக்கான், இது புரியலையா" என்கிறான். எனக்கு அவன் சொல்வதுதான் சரியென்று படுகிறது. பகலெல்லாம் அப்படித்தான் படுகிறது.

எலாடியோ, மன்னிப்பு கேட்டு எழுதாதே, கிழித்துப் போட்டுவிடுவேன். 'மேளக்காரர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்' என்ற பதிலும் வேண்டாம். சத்தமில்லாத அந்த இடத்தை எழுதும்போது உன் காதில் விழுந்தது என் அடியா, இல்லை, நான் ஒழிந்தேன் என்ற நிம்மதியா? அது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த மாதம் அந்த நால்வரும் மறுபடி வானொலியில் வாசிக்கிறார்களாம். உன் கண்ணும் காதும் நன்றாக இருக்கட்டும், மகளுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அந்த இடம் வரும்போது நான் அடிக்கட்டுமா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டுமா? எழுது.

இப்படிக்கு,
பெனிக்னோ