சாந்தியின் சிவப்பு

9-1-89, திங்கள்
பனி. துணி காயவில்லை. ரேஷனில் சர்க்கரை இல்லை.
ஓரகத்தி சாந்திக்குக் கன்னமெல்லாம் சிவப்பு. மாமியாருக்குப் பால்காரரிடம்கூடப் பெருமை. "சின்னவ மொகத்த பாத்தியா, தக்காளியாட்டம் கீது." பெரியவளான எனக்கு ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை. ரத்தம் இல்லையாம். என்ன க்ரீம் என்று சாந்தியைக் கேட்டேன். ஒன்றுமில்லை அக்கா என்கிறாள். பொய்.

11-1
அவள் பெட்டியைக் குடைந்தேன். பவுடர், சாந்து. க்ரீம் மட்டும் இல்லை. எங்கே ஒளித்திருக்கிறாள்?
வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கை கால் எல்லாம் சொறிந்துகொள்கிறாள். தடிப்பு ஒன்றும் காணோம். க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை போல. நன்றாக வேண்டும்.

14-1, பொங்கல்
அவளுக்கு அரக்குப் புடவை. எனக்குச் சாம்பல் நிறம். வயிறு எரிந்தது.
சாந்தி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இடப்பக்கம் கல் வைத்தமாதிரி இருக்கிறதாம். தலைவலி வேறு. முழுகாமல் இருக்கிறாளோ என்று மாமியார் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள். உள்ளங்கையும் சிவப்பு, மருதாணி வைக்காமலே. அதையும் பார்த்துவிட்டேன்.

20-1
காலையில் சாந்தியின் கை மரத்து டம்ளர் விழுந்தது. பேச்சு குளறியது. கொஞ்ச நேரத்தில் சரியானது. கொழுந்தன் ஷிப்டில். நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.
எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒப்பித்தேன். குளித்தால் அரிப்பு, முகம், உள்ளங்கை, தலைவலி, இடப்பக்கம்.
"கூடப் பொறந்தவங்களா? இவ்ளோ கவனிச்சிருக்கீங்க."
தலையாட்டினேன்.

27-1
ரத்தப் புற்றுநோயில் அபூர்வமான வகையாம். ரத்தம் அளவுக்கு மீறி ஊறிக் கெட்டியாகிவிடுமாம். இடப்பக்கக் கல், மண்ணீரல் வீக்கம். இன்னும் விட்டிருந்தால் மூளையில் அடைத்திருக்கும். அவ்வப்போது ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.
இன்று ஒரு பாட்டில் எடுத்தார்கள். எனக்கு இல்லாதது அவளுக்கு மிச்சம். அந்தப் பாட்டிலைக்கூட ஒரு நிமிஷம் பொறாமையாகத்தான் பார்த்தேன். சீ.
சாயந்தரம் பால்காரர் வந்தபோது மாமியார் வெளியே போகாமல் சொம்பை என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

30-1
மண்ணெண்ணெய் தீர்ந்தது. சொல்ல வேண்டும்.
சாந்தி கொஞ்சம் வெளுத்திருக்கிறாள். அதுதான் நல்லதாம். கொழுந்தன் அவளுக்குத் தலை வாரிவிடுகிறார். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் வாரியதுண்டா?
சாயந்தரம் வடை சுட்டு எழுந்தேன். மாமியார் என்னையே பார்த்தாள்.
"பெரியவளே, உன் மொகங்கூட இன்னிக்கு செவந்துகினு கீது."
எத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. அடுப்புச் சூடு அத்தை என்றேன். வெளிச்சத்துக்குப் போய் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.