மினுங்காத சுவர்

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்,
17.8.1986

அன்பு மகள் இந்திராவுக்கு உன் ஆத்தா எழுதுவது. நாங்கள் இங்கே இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு.

அப்பச்சியின் போட்டோ கேட்டிருந்தாய். பெற்ற மகள் கேட்டாலும் எடுக்க விடமாட்டார். ஆபரேஷனில் தாடையை எடுத்தார்கள் என்று எழுதினேனே தவிர, முகம் என்ன ஆனது என்று எழுதவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிப் பரணில் போட்டேன், அவரும் எங்கே என்று கேட்கவில்லை. ஆள் கண்ணில் படக்கூடாதென்று கொல்லைக்கும் போவதில்லை, அதனால் அங்கிருந்த வெற்றிலைக் கொடியில் ஒரு துண்டைத் தொட்டியில் வைத்து ஸ்டோர் ரூமுக்குள் கொண்டுவரச் சொன்னார். வெற்றிலை வாயைத் தின்றது போதாதா என்று வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன், காலையில் எழுந்திருக்க அவருக்கு வேறு காரணம் இல்லை. ஜன்னல் இல்லாத அறை, டியூப் லைட் போட்டும் இலை வெளுத்தது. சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு, சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளை நாலு பக்கமும் ஒட்டினேன். கண்ணாடிகளைக் கழற்றியவளே சுவரையெல்லாம் கண்ணாடியாக்கிவிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை. தாள் யார் முகத்தையும் கோணலாகத்தான் காட்டும், எது தாளின் கோணல் எது தன்னுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும். தண்ணீர் ஊற்றப் போனவர் உடனே திரும்பி வந்தார். இவ்வளவு மோசமாவா இருக்கு விசாலம், என்று குழறிக் கேட்டார். லைட் அப்படிக் காட்டுது, என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கஞ்சியும் பாதிதான் இறங்குகிறது.

தாளைக் கிழித்துவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளப்பானதையே எடுத்து நீட்டினார், துடைக்கச் சுலபமாம். வேண்டாம் என்று சுண்ணாம்பு வாங்கி வந்து நானே அடித்தேன். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா எட்டிப் பார்த்து, வெத்தலைக்குச் சுண்ணாம்பும் ஆச்சு, இனி பாக்குதான் வேணும்லா, என்றார். நானும் சிரித்துவைத்தேன். இப்போது அறை முழுக்க வெளிச்சம் சமமாக நிற்கிறது, எதிலும் முகம் தெரிவதில்லை. கொடியில் ஒரு தளிர் வந்திருக்கிறது. அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

பரீட்சை முடியட்டும் என்று காத்திராதே, டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை. வருமுன் இதைப் பலமுறை படி. இடது கன்னம் உள்ளே போய்விட்டது. உதடு கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் எப்போதும் எச்சில் வழியும். பேச்சில் பாதிதான் புரியும். கண் மட்டும் பழைய கண். அழ வேண்டியதை அங்கேயே அழுதுவிட்டு வா. இனி என் முகத்தை அவர் நம்பமாட்டார், நீ வாசலில் நுழைந்ததும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்.

முருகன் உன்னைக் காப்பான். டிக்கெட் எடுத்ததும் தந்தி கொடு, கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்.

உன் ஆத்தா,
சோ. விசாலம்