கம்பி அவன் பையில்

பிப்ரவரி 9

கூடாரத்தைக் கூடத்தில் விரித்துப் பார்த்தோம். நான் வாங்கியது. எடையைப் பங்கு போட்டாயிற்று: துணி என் பையில், கம்பிகள் அவன் பையில். எங்கள் மலையேற்றக் குழுவின் கேப்டன் வைத்த சட்டம். வங்கியில் காசாளர், மலையில் மட்டும் கேப்டன்.

"ஜோடியாப் பிரிச்சா ஜோடியாத்தான் நடக்கணும். கல்யாணத்துக்கு இதையே ஒத்திகைன்னு வெச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அவனுக்கும் கல்யாணம் ஏப்ரலில்.

அவன் தங்கையும் வருகிறாள். அவளுக்கு முதல் மலை. இப்போதே என்னை அண்ணி என்கிறாள். "அண்ணி, மேல டவர் கிடைக்குமா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வரல."

பிப்ரவரி 21

நாளை கிளம்புகிறோம். பையை மூன்றாம் முறையாகப் பிரித்து அடுக்கினேன். ஏன் இவ்வளவு பதற்றம்?

பிப்ரவரி 23

அடிவாரத்துக் கல் குடிசை. அவன் தங்கை தூங்குகிறாள். அவள் மூச்சைக் கவனித்தபடியே எழுதுகிறேன்.

காலையிலேயே தலைவலி என்றாள். அப்புறம் வாந்தி. புல் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கேப்டனும் மற்றவர்களும் கூப்பிடு தூரத்தில், மேலே. அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஒண்ணுமில்லடி, மூச்சு வாங்குது, அவ்ளோதான்." பிறகு என்னிடம்: "மேகம் வர்றதுக்குள்ள உச்சியைத் தொட்டுட்டு வந்துடுறேன். நீதான் இருக்கியே."

கேப்டன் மேலிருந்து கத்தினார்: "அவங்ககிட்ட கூடாரம் இருக்கா?"

"இருக்கு!" என்று அவன் கத்தினான்.

எனக்கும் உறைக்கவில்லை.

மேகம் வந்தது. கூடவே மழை. பையைத் திறந்தேன். துணி. துணி மட்டும்.

விசில் ஊதினேன். பதில் இல்லை. துணியைப் போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். என் தலைதான் கம்பம்.

"அண்ணி, இது யார் வீடு?" என்றாள்.

சிரிக்கப் போனேன். அவள் விளையாடவில்லை. உதடு நீலம்.

விட்டுப்போன இடத்தைவிட்டு நகராதே — கேப்டன் சட்டம். பேச்சு குழறினால் உடனே கீழே இறக்கு — அதுவும் அவர் சட்டம்தான். எதைக் கேட்பது? வழி தவறினால்? இங்கேயே இருந்தால்?

இறக்கினேன். கூடாரக் கயிற்றால் அவள் இடுப்பையும் என் இடுப்பையும் கட்டினேன். வழி காட்டப் பாறைகளில் வெள்ளைப் பூச்சு அடையாளங்கள். ஒன்றில் நின்றால் அடுத்தது தெரியவில்லை. கயிறு விட்ட தூரம் போய்த் தேடுவேன். கிடைத்ததும் அவளை இழுப்பேன். உட்கார்ந்துகொண்டே இருந்தாள். "எந்திரிடி! உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? எந்திரி!" அழுதாள். அழட்டும். அழுகிறவரை சரிதான்.

பாதி இறங்கியதும் அவளே கால் வைத்து நடந்தாள். குடிசைக்கு வந்ததும் தண்ணீர் கேட்டாள். பிறகு, "அண்ணன் எங்க?"

தெரியவில்லை. அவனிடம் கம்பி மட்டும்தான் இருக்கிறது.

அதே நாள், பிறகு

வந்துவிட்டார்கள். எல்லோரும். அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். வேஷமில்லை, நிஜமாகவே அழுதான். குலுங்கக் குலுங்க முதுகில் கம்பிகள் கலகலத்தன. கேப்டன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். என் ஈரக் கூடாரத் துணியைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 25

"கம்பி உன்கிட்ட இருக்கிறத மறந்துட்டியா?" என்று அவனிடம் கேட்டேன். ஆமாம் என்றால் போதும். நானும்தானே மறந்திருந்தேன்.

"கேப்டன் கேட்டப்பவே ஞாபகம் வந்துச்சு. சொன்னா போக விட்டிருக்க மாட்டார். அதான் ஒண்ணும் ஆகலையே."

பொய் சொல்லத் தெரியாதவன். இன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 2

அம்மா: "ஒரு மலைக்காகவா கல்யாணத்த நிறுத்துற?"

இல்லை. 'இருக்கு' என்றானே, அதற்காக.

மார்ச் 14

பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று அப்பா அச்சகத்துக்குப் போன் செய்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6

அழைப்பு மணி. வாசலில் அவன் தங்கை. கையில் செய்தித்தாளில் சுற்றிய கம்பிகள்.

"அவன் குடுத்தனுப்பல. நானா எடுத்துட்டு வந்தேன்."

காபி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கூடாரத்தைக் கூடத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு கம்பி வளைந்திருந்தது. துணியில் ஒரு நீளக் கிழிசல். ஆளுக்கொரு முனை பிடித்தோம்.

"அண்—"

நிறுத்திவிட்டாள்.

"அக்கா, உன் பக்கம் கொஞ்சம் இழு."

இழுத்தேன். கோணலாகத்தான், ஆனால் நின்றது.